தோழியர் விருந்துக்கு ஓர் அழைப்பு

அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் படித்து, அங்கேயே உத்தியோகமும் பார்த்து வரும் தம் பெண்ணைப் பற்றி ஒரு தாயார் நமக்கு எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணுடன் கலாசாலையில் படித்த அமெரிக்கச் சிநேகிதி ஒருத்திக்கு விரைவில் விவாகம் நடக்க இருக்கிறது. அதற்கு முன்னால் சிநேகிதிகள் எல்லோரும் கூடி மணப்பெண்ணுக்கு ஒரு விருந்து நடத்துவார்களாம். அதற்குப் 'பாச்சலரெட் பார்ட்டி' என்று பெயராம். "உனக்குத்தான் கைவேலை வருமே! அழைப்பிதழை நீயே செய்துவிடு. வேடிக்கையாக இருக்க வேண்டும்" என்று மற்றவர்கள் அந்தப் பொறுப்பை இந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டார்கள். "இது என்ன விருந்து? இதற்கு அழைப்பு எப்படி இருக்க வேண்டும்? எங்கள் பெண் இதில் தலையிடலாமா?" என்று அந்த அம்மாள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

மூன்றாவது கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறோம். தாராளமாகத் தலையிடலாம். சிநேகிதியின் கலியாணத்தில் வேலை செய்யாமல் வேறு எதில் வேலை செய்வது? ஆனால் காகிதத்தையும் கத்தரிக்கோலையும் கையில் எடுப்பதற்கு முன்னால், அந்த விருந்து எப்படிப்பட்டது, அதில் யாருடைய மனம் எங்கே நோகக்கூடும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தப் பகுதியில் வழக்கமாகப் பசையையும் அட்டையையும் பற்றியே எழுதி வருகிற நாம், இந்த வாரம் கொஞ்சம் மனத்தையும் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

கோழியும் மானும்

மணப்பெண்ணைத் தோழிமார் சூழ்ந்துகொண்டு பரிகாசம் செய்யும் வழக்கம் பல தேசங்களில் பல பெயர்களோடு இருக்கிறது. இங்கிலாந்தில் இந்த விருந்துக்குப் பெட்டைக்கோழி விருந்து என்று பெயர். மாப்பிள்ளையின் நண்பர்கள் அவனுக்கு நடத்தும் விருந்துக்கு ஆண்மான் விருந்து என்று பெயர். கோழிக்கும் மானுக்கும் எப்படிக் கலியாணம் நடக்கிறது என்று மட்டும் ஆங்கிலேயரை யாரும் கேட்டுவிடக் கூடாது. பிரான்ஸ் தேசத்தார் இன்னும் ஒரு படி மேலே போய், 'கன்னி வாழ்வின் அடக்கம்' என்று சவச் சடங்குப் பெயராகவே வைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் விவாகத்துக்கு முன்னதாக உற்றார் உறவினர் கூடி, பீங்கான் பாத்திரங்களை வாசலில் போட்டு உடைப்பார்கள். அந்தச் சில்லுகளை மணமக்கள் இருவரும் சேர்ந்து பெருக்கி அள்ள வேண்டும். இனிமேல் வரப்போகும் சங்கடங்களையெல்லாம் இருவருமாகச் சேர்ந்தே வாரிக் கொட்ட வேண்டும் என்பதற்கு இது ஒரு பாலபாடம்.

அமெரிக்காவில் நெடுங்காலமாக இருந்து வந்தது வேறொரு விருந்து. மணப்பெண்ணின் தாயார், அத்தைமார், சித்திமார், சிநேகிதிகள் எல்லோரும் பகல் வேளையில் கூடி, புதுக் குடித்தனத்துக்கு வேண்டிய சாமான்களைப் பரிசாகக் கொடுத்து, தேநீர் அருந்திப் போவார்கள். பெரியவர்கள் இருக்கும் சபையாதலால் அங்கே அடக்கமாகத்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் நண்பர்களோ இரவெல்லாம் கூத்தடித்துவிட்டு வருவார்கள். "அவர்களுக்கு மட்டும்தானா இரவு?" என்று பெண்களும் கேட்கத் தொடங்கியதன் பலனே பாச்சலரெட் விருந்து. 1980-க்குப் பிறகு இது அந்நாட்டில் வேகமாகப் பரவியது. பெத் மான்டெமுரோ என்ற அமெரிக்கச் சமூகவியலார் இந்த இரு விருந்துகளையும் ஆராய்ந்து 2006-ஆம் வருஷத்தில் ஒரு தனி நூலே வெளியிட்டிருக்கிறார்.

ஒரு மாலைப் பொழுதில் முடிந்துகொண்டிருந்த இந்த விருந்து இப்பொழுது பலருக்கு இரண்டு நாள், மூன்று நாள் யாத்திரையாக வளர்ந்துவிட்டது. டென்னஸி மாகாணத்தின் நாஷ்வில் நகரம் இதற்குப் பெயர்போன க்ஷேத்திரம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே வர்ண உடை தரித்து, மணப்பெண்ணுக்கு மட்டும் தலையில் வெள்ளை முக்காடு போட்டு, எல்லோருமாக மிதித்து ஓட்டும் வண்டியில் பாடிக்கொண்டு வீதிவலம் வருவதை அங்கே வார இறுதியில் பார்க்கலாம். விமானக் கட்டணம், தங்கும் விடுதி, சாப்பாடு, ஒரே மாதிரி உடை எல்லாவற்றுக்கும் அவரவர் பங்கை அவரவரே கொடுக்க வேண்டும். மணப்பெண்ணின் பங்கையும் மற்றவர்களே பகிர்ந்துகொள்வது பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது.

இங்கேதான் மனம் நோகும் இடம் வருகிறது. எட்டுப் பேர் கொண்ட கூட்டத்தில் எட்டுப் பேருக்கும் ஒரே சம்பளம் இருப்பதில்லை. ஒருத்தி வக்கீலாக இருப்பாள். ஒருத்தி இன்னும் படித்துக்கொண்டிருப்பாள். ஒருத்தி படிப்புக்கு வாங்கிய கடனை மாதந்தோறும் அடைத்துக்கொண்டிருப்பாள். "என்னால் இயலாது" என்று சொல்ல வாய் வராது. சொன்னால் அன்பில்லாதவள் ஆகிவிடுவோமோ என்று அஞ்சிக் கடன் வாங்கியாவது போவாள். அல்லது ஏதோ ஒரு பொய்க் காரணம் சொல்லிவிட்டு ஒதுங்குவாள். இரண்டிலும் பழைய நட்பில் ஒரு கீறல் விழுகிறது. மணப்பெண்ணுக்கு இது தெரியவும் தெரியாது.

ஆகவே இந்த அழைப்பிதழுக்கு இரண்டு கடமைகள் உண்டு. படிக்கிறவளைச் சிரிக்க வைக்க வேண்டும். கூடவே, அவளிடம் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். முதற் கடமையை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறக்கும் அழைப்பு, எவ்வளவு அழகாக இருந்தாலும், அரைக் கிணறு தாண்டியதுதான்.

கடையில் கிடையாத சரக்கு

"கடையில் அழகாக அச்சிட்டு விற்கிறார்களே, கைப்பேசியிலே ஒரு நொடியில் அனுப்பிவிடலாமே, கையால் செய்வானேன்?" என்று சிலர் கேட்கலாம். கடையில் விற்கும் அழைப்பு உலகத்திலுள்ள எல்லா மணப்பெண்களுக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டது. எல்லோருக்கும் பொருந்துவது ஒருத்திக்கும் சரியாகப் பொருந்தாது. இந்த மணப்பெண் மழை நாளில் பிறர் குடையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் என்பது கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்? அது தோழிகளுக்குத்தான் தெரியும். அந்தக் குடை அழைப்பிதழில் வந்துவிட்டால், அதைப் பார்த்த மாத்திரத்தில் எட்டு வீடுகளில் எட்டுப் பேர் சிரிப்பார்கள். கைவேலையின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. கோணல் மாணலாகக் கத்தரித்திருந்தாலும் பாதகமில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் வொர்ஸ்டர் என்ற ஊரில் 1828-ஆம் வருஷம் பிறந்த எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண்மணி, 1847-இல் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கலாசாலையில் படிப்பை முடித்தார். அவருடைய தகப்பனார் காகிதம், புத்தகம் விற்கும் வியாபாரி. பிப்ரவரி 14-ந் தேதி அன்பர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் வாழ்த்துச் சீட்டு ஒன்று இங்கிலாந்திலிருந்து அவருக்கு வந்தது. சரிகைப் பின்னல் போல் துளையிட்ட காகிதமும், பூக்களும் கொண்ட சீட்டு அது. "இதைவிட நன்றாக நாமே செய்யலாமே!" என்று எஸ்தர் நினைத்தார். சில மாதிரிகளைச் செய்து, ஊர் ஊராக வியாபாரத்துக்குப் போகும் தம் சகோதரனிடம் கொடுத்தனுப்பினார். இருநூறு டாலருக்கு வியாபாரம் ஆனால் அதிருஷ்டம் என்று அவர் எண்ணியிருந்தார். சகோதரன் ஐயாயிரம் டாலருக்கு மேல் தருவிப்புச் சீட்டுகளோடு வந்து சேர்ந்தான்!

எஸ்தர் திகைத்து நிற்கவில்லை. தம் சிநேகிதிகளை வீட்டுக்கு அழைத்தார். மேல்மாடியில் ஒரு நீண்ட மேஜையைச் சுற்றி அவர்களை உட்கார வைத்தார். ஒருத்தி பூப் படங்களைக் கத்தரித்தாள். அடுத்தவள் அடித்தாளில் வர்ணக் காகிதம் ஒட்டினாள். அதற்கு அடுத்தவள் மேலே சரிகைக் காகிதம் வைத்தாள். இப்படிக் கைமாறிக் கைமாறி மேஜையின் மறுகோடியில் சீட்டு முழுமையாக வந்து சேர்ந்தது. வெள்ளைச் சரிகைக் காகிதத்துக்குக் கீழே பளிச்சென்ற வர்ணத் துண்டை வைப்பதும், மடித்த காகித வில்லை அடியில் கொடுத்து மேலேயுள்ள பூவை எழும்பி நிற்கச் செய்வதும் அவருடைய சீட்டுகளின் விசேஷங்கள். 1879-இல் அவர் வாழ்த்துப் பாக்களை மட்டும் தனியே திரட்டி ஒரு புத்தகமாகவும் போட்டார். சீட்டிலுள்ள பா பிடிக்காவிட்டால், வேறொன்றைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம். 1881-இல் வியாபாரத்தை விற்றுவிட்டு ஓய்வு பெற்றார். ஊரார் காதலுக்கெல்லாம் காகிதம் ஒட்டிக் கொடுத்த அந்த அம்மாள் கடைசிவரை விவாகம் செய்துகொள்ளவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நீண்ட மேஜைதான். அழைப்பிதழை ஒருத்தி தனியே இரவு கண் விழித்துச் செய்ய வேண்டாம். பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினால், எட்டு அழைப்புகள் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். அந்த மத்தியானமே பாதி விருந்து.

சுற்றும் சக்கரம்

வேடிக்கையான அழைப்புக்கு எத்தனையோ உருவங்கள் உண்டு. மணப்பெண்ணை ஒரு காகிதப் பாவையாக வரைந்து, அவளுக்கு மாட்டிவிடும்படி மலையேறும் உடை, நீச்சல் தொப்பி, கலியாண அங்கி என்று தனித்தனியே கத்தரித்து உறையில் வைக்கலாம். உடை மாற்றும் காகிதப் பாவை புதிதன்று. லண்டனில் 1810-ஆம் வருஷத்திலேயே ஒரு சிறுமியின் கதையோடு சேர்த்து அப்படி ஒன்றைப் பிரசுரித்திருக்கிறார்கள். இழுத்தால் ஆடும் படம் செய்யலாம். ம்யூனிக் நகரத்து லோதர் மெகண்டோர்ஃபர் என்ற சித்திரக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒரே ஒரு காகித நாக்கை இழுத்தால் படத்திலுள்ள கை, கால், கண் எல்லாம் வெவ்வேறாக அசையும்படி குழந்தைகளுக்குப் புத்தகங்கள் செய்து புகழ் பெற்றார். அவ்வளவு சாமர்த்தியம் நமக்கு வேண்டாம். எளிதானதும் தவறாததுமான ஒன்றைச் சொல்கிறோம். அது சுற்றும் சக்கரம்.

இதன் மூதாதை வெகு கௌரவமானது. 1540-இல் பீட்டர் ஏப்பியன் என்ற ஜெர்மானிய வானநூலார் வெளியிட்ட பெரும் நூலில், கிரகங்களின் நிலையைக் கண்டுபிடிப்பதற்காகக் காகிதச் சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுழல வைத்திருக்கிறார். கிரகங்களைக் கண்டுபிடித்த சக்கரம், விருந்து எந்த ஊரில் என்று கண்டுபிடிக்க உதவாதா?

பத்து அங்குல நீளமும் ஏழு அங்குல அகலமும் உள்ள தடித்த காகிதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பதற்கு முன், மடிக்கும் கோட்டின்மீது அளவுகோலை வைத்து, மழுங்கிய கத்தி முனையால் ஒரு முறை அழுத்திக் கீறுங்கள். இப்படிக் கீறாமல் மடித்தால் தடித்த காகிதம் விரிந்து பிய்ந்து முகத்தைக் கெடுத்துவிடும். இரண்டாக மடித்தால் ஐந்துக்கு ஏழு அங்குலமுள்ள இரண்டு இதழ்கள் கிடைக்கும். மடிப்பு இடப் பக்கம் இருக்கட்டும்.

இன்னொரு தாளில் நாலரை அங்குலக் குறுக்களவுள்ள வட்டம் ஒன்றைக் கத்தரியுங்கள். அதை ஆறு சம பாகமாகக் கோடிட்டுக்கொள்ளுங்கள். நடுவில் அரை அங்குல வட்டத் துளை இடுங்கள். இனிப் பின் இதழின் நட்டநடுவில், அந்தத் துளைக்குள் தாராளமாக நுழையும் அளவில் இரண்டு சிறு வட்டத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். அதுதான் அச்சு. சக்கரத்தை அச்சில் மாட்டி, அதன்மேல் ஓர் அங்குல வட்டமுள்ள மூடியை ஒட்டுங்கள். பசை அச்சின்மேல் மட்டும் படவேண்டும். சக்கரத்தில் ஒரு துளி பட்டாலும் வேலை கெட்டது. இனிச் சக்கரம் சுழலும், கழலாது. பித்தளை ஆணியாலும் இதைச் செய்யலாம். ஆனால் ஆணி உறைக்குள் முண்டிக்கொண்டு நிற்கும். தபாலில் அதனால் தொல்லை. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முன் இதழின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலம் மேலே, ஒன்றேகால் அங்குல அகலமும் முக்கால் அங்குல உயரமும் உள்ள ஜன்னல் ஒன்றை வெட்டுங்கள். இரண்டு இதழ்களிலும் வலப்பக்க ஓரத்தின் நடுவில், அரை அங்குல ஆழத்துக்குப் பிறைபோல் வெட்டி எடுங்கள். சக்கரத்தின் விளிம்பு அங்கே எட்டிப் பார்க்கும்; கட்டை விரலால் அதைச் சுழற்றலாம். கடைசியாக இரண்டு இதழ்களையும் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மட்டும் ஒட்டிவிடுங்கள். சக்கரத்தின் ஆறு பாகங்களிலும் எழுத வேண்டியதை, ஒட்டுவதற்கு முன்பே எழுதி முடித்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் நாம் பள்ளிக்கூடத்து மனிதர், சொல்லி வைக்கிறோம்.

ஆறு ஜன்னல் காட்சிகள் எவை? யாருக்காக, என்று, எங்கே, எப்படி வருவது, எதைக் கொண்டு வருவது என ஐந்து. ஆறாவது பாகத்தில் மணப்பெண்ணின் படம் ஒன்று, பிறர் குடையோடு!

எதைச் சொல்லிச் சிரிப்பது?

உருவம் ஆயிற்று. இனி வாசகம். இதில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

கடைகளில் விற்கும் அழைப்புகளில் பெரும்பாலும் ஒரே ஒரு பரிகாசத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். இது மணப்பெண்ணின் 'சுதந்திரத்தின் கடைசி இரவு' என்பதே அது. சுதந்திரத்தை அடைந்ததற்கு விருந்து வைத்த தேசங்களை நாம் அறிவோம்; அதை இழப்பதற்கு விருந்து வைப்பதை இங்கேதான் காண்கிறோம். தானே விரும்பி, தானே தேர்ந்து விவாகம் செய்துகொள்ளும் பெண்ணைப் பார்த்துச் சிறைக்குப் போகிறாய் என்பது அவளுக்கும் கௌரவமில்லை, அவள் கணவனாக வருகிறவனுக்கும் கௌரவமில்லை. உண்மையில் அவள் இழக்கப் போவது சுதந்திரம் அல்ல. நினைத்த நேரத்தில் சிநேகிதியின் அறைக் கதவைத் தட்டும் வழக்கம் ஒன்று உண்டல்லவா? அதைத்தான் இழக்கப் போகிறாள். அந்த இழப்பு அவளுக்கு மட்டும் அன்று. கதவுக்கு உள்ளே இருப்பவளுக்கும் உண்டு. விருந்து அதற்காகத்தான். அழைப்பும் அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

பரிகாசத்துக்கு நாம் மூன்று எல்லைகள் வகுப்போம். முதலாவது, மணப்பெண் தானே சொல்லிச் சிரிக்கும் குற்றங்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் மறைக்க விரும்புவது எதையும் தொடக் கூடாது. உடம்பு, வயது, பழைய சிநேகம், புகுந்த வீட்டார் ஆகிய நான்கும் விலக்கு. இரண்டாவது, எந்த வாசகத்தையும் அவளுடைய தாயாரும் வருங்கால மாமியாரும் படிக்க நேரலாம் என்று எண்ணி எழுத வேண்டும். அமெரிக்க வீடுகளில் வந்த அழைப்புகளையெல்லாம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்த வில்லையால் ஒட்டி வைப்பது வழக்கம். அங்கே வருகிறவர் போகிறவர் எல்லோரும் படிப்பார்கள். இந்த விருந்துக்கென்றே கடைகளில் விற்கிற, முகம் சுளிக்க வைக்கும் சித்திரங்களை வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும். மூன்றாவது, கூட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் புரியாத வேடிக்கையைச் சேர்க்கக் கூடாது. மற்ற ஏழு பேர் சிரிக்கும்போது எட்டாமவள் விழித்துக்கொண்டு நிற்பது நல்ல ஆரம்பம் அன்று.

உதாரணத்துக்கு ஒரு வாசகம் தருகிறோம். இதை நீதிமன்றத்துச் சம்மன் போல, நீளத் தாளில், சிவப்பு மசியில் வட்ட முத்திரை வரைந்து எழுதலாம்:

"தோழிமார் நீதிமன்றம். வாதிகள்: மாணவியர் விடுதி மூன்றாம் மாடியில் நான்கு வருஷம் உடன் வசித்தவர்கள். பிரதிவாதி: மணப்பெண். குற்றம் ஒன்று: இரவல் வாங்கிய குடைகள் மூன்றைத் திருப்பித் தராதது. குற்றம் இரண்டு: ஒவ்வொரு பரீட்சைக்கு முன்பும் 'நான் ஒன்றுமே படிக்கவில்லை' என்று சொல்லிப் பின்பு முதலாவதாகத் தேறியது. குற்றம் மூன்று: எங்களைக் கேளாமல் ஒருவரை நேசித்தது, கேட்டிருந்தால் உடனே சம்மதித்திருப்போம் என்பது இவ்வழக்கைப் பாதிக்காது. தாங்கள் இவ்வழக்கில் சாட்சியாக ஆஜராகி, பிரதிவாதியைப் பற்றிய உண்மைக் கதை ஒன்றைச் சபையில் சொல்ல வேண்டியது. குடை கொண்டு வருவோர் அதில் தம் பெயரைப் பொறித்துக் கொண்டு வருவது உத்தமம்."

இதில் ஒரு தந்திரம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொருத்தியும் ஒரு கதை கொண்டு வர வேண்டும் என்று அழைப்பிலேயே சொல்லியாயிற்று. இனி அந்த விருந்தில் பொழுது போகவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. கதைக்குக் காசும் வேண்டியதில்லை. வக்கீல் கொண்டு வரும் கதையும் கடன்காரி கொண்டு வரும் கதையும் ஒரே விலைதான்.

ஒரு சிறு சீட்டு

இப்பொழுது அந்தக் கடன்காரியிடம் வருவோம். அழைப்பு அச்சேறுவதற்கு முன், கையால் செய்வதானால் காகிதம் வாங்குவதற்கு முன், விருந்தை நடத்தும் பெண் ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியே, "உன்னால் இதற்கு எவ்வளவு கொடுக்க முடியும்? கூசாமல் சொல்" என்று கேட்டுவிட வேண்டும். எல்லோரும் இருக்கும் சபையில் கேட்கக் கூடாது. சபையில் யாரும் தாழ்ந்த தொகையைச் சொல்லமாட்டார்கள். தனியே கேட்டு வந்த தொகைகளில் எது எல்லாவற்றிலும் குறைந்ததோ, அதற்குள் விருந்தை அடக்குவதுதான் தோழமைக்கு அழகு. நியூ ஜெர்ஸிப் பெண்களுக்கு நாஷ்வில் ஒன்றுதானா வழி? பக்கத்துப் பென்ஸில்வேனியா மாகாணத்தில் போகோனோ மலைப் பகுதி இருக்கிறது. காரிலேயே போய்விடலாம். ஏரிக்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலையும் தாங்களே செய்துகொண்டால் செலவு வெகுவாகக் குறையும். சிரிப்பு குறையாது.

கணக்கை அழைப்பின் முகத்தில் எழுத வேண்டாம். உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு சீட்டில், வீட்டு வாடகையில் உன் பங்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று தெளிவாக எழுதி உறைக்குள் வையுங்கள். 'இதற்கு மேல் ஒன்றும் இல்லை' என்ற அந்த வாசகந்தான் முக்கியம். முதலில் ஒரு தொகை சொல்லிவிட்டு, பிறகு உடைக்கு இவ்வளவு, பரிசுக்கு இவ்வளவு என்று வாரந்தோறும் கேட்பதுதான் நட்பைக் கெடுக்கும். மணப்பெண்ணுக்கும் ஞாபகார்த்தமாக ஓர் அழைப்பு அனுப்புவீர்கள் அல்லவா? அந்த உறையில் மட்டும் இந்தச் சீட்டு இருக்கக் கூடாது. பார்த்தால் அந்தப் பெண் மனம் வருந்துவாள். வருந்தாவிட்டால் நீங்கள் வருந்துவீர்கள்!

யாரை அழைப்பது என்பதற்கு அமெரிக்க மரியாதை நூல்களில் ஒரு பொது விதி உண்டு. கலியாணத்துக்கு அழைக்கப்படாதவரை இந்த விருந்துக்கு அழைக்கக் கூடாது. விருந்துக்கு வந்து செலவழித்துவிட்டு, கலியாணத்தன்று வீட்டில் இருப்பது யாருக்கும் சகிக்கக்கூடியதன்று. எனவே பட்டியலை மணப்பெண்ணிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். நாலைந்து வாரம் முன்னதாக அழைப்பு கையில் கிடைக்க வேண்டும். விமானத்தில் வர வேண்டியவர்கள் இருந்தால், தேதியை மட்டுமாவது சில மாதம் முன்பே தெரிவித்துவிட வேண்டும். எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

தபால்காரர் சமாசாரம் ஒன்று பாக்கி இருக்கிறது. அமெரிக்கத் தபாலில் சாதாரணக் கடிதத்தின் கனம் கால் அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. உயரம் மூன்றரை அங்குலத்துக்கும் நீளம் ஐந்து அங்குலத்துக்கும் குறையக் கூடாது. உறைகளை யந்திரம் பிரிப்பதால், சதுர உறைக்கும், உள்ளே முண்டும் முடிச்சுமாக இருக்கும் உறைக்கும் அதிகக் கட்டணம் கேட்பார்கள். பித்தளை ஆணி வேண்டாம் என்றது இதனால்தான். நாம் சொன்ன சக்கரம், ஐந்தேகாலுக்கு ஏழேகால் அங்குல உறையில் தட்டையாக அடங்கும். ஆயினும் ஒன்றைத் தபால் நிலையத்தில் கொடுத்து நிறுத்துப் பார்த்து, அதை உங்கள் விலாசத்துக்கே முதலில் அனுப்பிப் பாருங்கள். பழுதில்லாமல் வந்து சேர்ந்தால், மற்றவற்றையும் நம்பி அனுப்பலாம்.

விருந்து இரண்டு நாளில் முடிந்துவிடும். கலியாணமும் ஒரு நாளில் முடிந்துவிடும். எட்டுப் பேரும் எட்டு ஊர்களில் குடித்தனம் செய்யப் போய்விடுவார்கள். பத்து வருஷம் கழித்து ஏதோ ஒரு பெட்டியை ஒழிக்கும்போது, காகிதச் சக்கரம் ஒன்று கையில் தட்டுப்படும். மூலை மடங்கியிருக்கும், வர்ணம் வெளுத்திருக்கும். கட்டை விரலால் சுழற்றினால் ஜன்னலில் ஒரு பெண் இரவல் குடையோடு வந்து நிற்பாள். பக்கத்தில் நிற்கும் குழந்தை, "இது யாரம்மா?" என்று கேட்கும். விடை சொல்லத் தொடங்கினால் அன்று பெட்டி ஒழிந்தாற்போலத்தான்.